பெத்தணன் வாங்கிய ஜெர்மன் கார்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் சௌகரியம்.

திருமங்கலத்துக்குத் தெற்கே ஓடைக்குறிச்சியில் பந்தல் போடும் தொழில் செய்பவர்கள் மூன்று பேர். பெத்தணன் முதலாளி. சோணைமுத்து, அங்குச்சாமி இருவரும் கூட்டாளிகள். பந்தல் என்றால் அப்படி ஒரு பந்தல் போடுவார்கள், புயலே வந்தாலும் நிற்கும். பந்தலுக்கு வெளியேதான் அவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்.

பெத்தணனுக்கு ஒரே மகள் வேல்விழி. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளையை ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு காரில் அழைத்துவர வேண்டும் என்று பெத்தணனுக்கு ஆசை வந்துவிட்டது. மதுரையில் ஒரு டாக்டர் தன்னுடைய பழைய ஜெர்மன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு மூவரும் கிளம்பினார்கள்.

கார் கறுப்பாகப் பளபளவென்று நின்றது. விலையைக் கேட்டால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. மூவரும் தனியே போய்க் கூடிப் பேசினார்கள்.

"இவ்வளவு பெரிய வண்டி, எப்படிண்ணே இவ்வளவு மலிவா வரும்?" என்றான் சோணைமுத்து.

"பல வருஷம் ஓடியிருக்குல்ல? ஓட ஓடத் தேஞ்சிருக்கும். தேஞ்சதுக்குத் தகுந்த விலை" என்றார் பெத்தணன்.

மற்ற இருவருக்கும் இது மிகவும் நியாயமாகப் பட்டது.

சாவியைக் கொடுக்கும்போது டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. துக்கமா சந்தோஷமா என்று இவர்களுக்குப் பிடிபடவில்லை. "பச்சைப் பிள்ளையப் பாத்துக்கிற மாதிரி பாத்துக்கங்க" என்றார்.

அன்றைக்கே காரின் முகப்பில் பெரிதாக ஒரு மைப் பொட்டு வைத்தார்கள். வெயிலில் எடுக்கவில்லை. மத்தியானம் அது தூங்கும் என்று தெருவில் யாரையும் சத்தம் போட விடவில்லை. ஒருநாள் கிளப்பும்போது இஞ்சின் இரண்டு தரம் இருமியது. சளி என்று முடிவு செய்து, ரேடியேட்டரில் ஓமத்தண்ணீர் ஊற்றினார்கள்.

அதற்கப்புறம்தான் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது.

அங்குச்சாமி எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிப்பான். குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "செக் இஞ்சின்னு போட்டிருக்குண்ணே. இஞ்சினைப் பாருன்னு அர்த்தம்" என்றான்.

பானெட்டைத் திறந்து பெத்தணன் இஞ்சினைப் பார்த்தார். விளக்கு அணையவில்லை. சோணைமுத்து பார்த்தான். அணையவில்லை. மூவரும் சேர்ந்து கண் இமைக்காமல் பார்த்தார்கள். அப்போதும் எரிந்தது.

"ஒரு தடவ பாத்தாப் போதாது போல. பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார் பெத்தணன்.

அது முதல் கார் வெளியே போகும்போதெல்லாம் பானெட் திறந்தே இருந்தது. சோணைமுத்து முன்னால் ஏறிக் குந்தி, இஞ்சினையே பார்த்துக்கொண்டு வருவான். ஓட்டுகிற பெத்தணனுக்கு ரோடு தெரியாது. ஆகவே அங்குச்சாமி முன்னால் நடந்துபோய், "வலது, வலது, ஆடு நிக்குது, கொஞ்சம் இரு" என்று கத்துவான். ஜெர்மன் காரை ஆட்டுக்குட்டி தாண்டிப் போவதை ஊரார் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் கார் கிளம்பவே முரண்டு பிடித்தது. மதுரையில் இந்த மாதிரி வண்டிகளையே ரிப்பேர் பார்க்கும் ஜெயசீலன் என்பவருக்கு பெத்தணன் போன் போட்டார். என்ன மாடல், எந்த வருஷம் என்று கேட்டுவிட்டு, ஜெயசீலன் பெருமூச்சு விட்டார்.

"அண்ணாச்சி, அது பெட்ரோல் குடிக்கிற வண்டி இல்ல. காசு குடிக்கிற வண்டி. காசைப் போட்டுக்கிட்டே இருந்தாத்தான் ஓடும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பெத்தணன் அதை அப்படியே மற்ற இருவரிடமும் சொன்னார். "டாக்டர் இதைச் சொல்லவே இல்லையேடா" என்றார்.

"அதான் பாவம், பசியில இருமியிருக்கு" என்றான் அங்குச்சாமி.

சமையல்காரருக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்தார்கள். சில்லறையாகப் போடுவதா, நோட்டாகப் போடுவதா என்று பேச்சு எழுந்தது. வெளிநாட்டு வண்டிக்குச் சில்லறை போட்டால் மரியாதையாக இருக்காது என்று முடிவாயிற்று. பெத்தணன் ஒரு நோட்டைச் சுருட்டி டேங்கில் போடப் போனார். சோணைமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, குடிக்கும்னுதானே சொன்னாரு. திங்கும்னு சொல்லலையே?"

நல்லவேளையாக அவன் கவனித்தான். நோட்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, நன்றாகப் பிசைந்து, கூழாக்கி டேங்கில் ஊற்றினார்கள்.

மறுநாள் காலை கார் எப்படியோ கிளம்பியது. மாப்பிள்ளை தவசிக்குமாரைப் பிள்ளையார் கோயிலில் ஏற்றிக்கொண்டார்கள். மேளம் முன்னால் போயிற்று. விசேஷ நாள் என்பதால் பானெட்டை மூடியிருந்தார்கள். கடைவீதி நடுவில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. மூவரும் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு இஞ்சினைப் பார்க்கப் போனார்கள். கார் உள்ளே மாப்பிள்ளையோடும் சாவியோடும் தானாகப் பூட்டிக்கொண்டது.

தவசிக்குமார் நல்ல பையன். எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தான். கதவு திறக்கவில்லை. பின்பக்கக் கண்ணாடிகள் இரண்டும் ஒரு சாண் இறங்கியதும் பேட்டரி உயிரை விட்டது; அவை அப்படியே நின்றுபோயின.

"மாமா, வேர்க்குது" என்றான் அந்த இடுக்கு வழியாக.

"மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு மாப்ளே. வர்ற வரைக்கும் வண்டிய ஒரு அடிகூட நகத்தக் கூடாதுன்னுட்டாரு."

"முகூர்த்தம் முடிஞ்சு போயிருமே மாமா!"

இந்த இடத்தில்தான் தொழில் கைகொடுத்தது. மாப்பிள்ளை மண்டபத்துக்கு வர முடியாவிட்டால், மண்டபம் மாப்பிள்ளையிடம் வந்துவிட்டுப் போகிறது! மூவரும் ஓடினார்கள். கடைவீதியின் நடுவில், காரைச் சுற்றிக் கால் நட்டு, கூரை போட்டு, வாழைமரம் கட்டி, அருமையான பந்தல் ஒன்று எழும்பிவிட்டது. அந்தப் பக்கம் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

வேல்விழி மாலையோடு நடந்து வந்தாள். காரைப் பார்த்தாள், உள்ளே நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தாள்.

"அப்பா, நான் அவரைக் கட்டிக்கிறேனா, இந்தக் காரையா?"

"ரெண்டும் நம்ம குடும்பந்தானேம்மா" என்றார் பெத்தணன்.

வேல்விழி கண்ணாடி இடுக்கின் முன்னால் போய்க் குனிந்தாள். உள்ளேயிருந்து இரண்டு கைகள் வெளியே வந்து தாலி கட்டின. இரண்டாவது முடிச்சில் அவள் சிரித்துவிட்டாள். உள்ளேயும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அக்கினியை வலம் வர வேண்டுமே? ஐயர் யோசித்தார். "சாஸ்திரத்துல கார் பத்தி ஒண்ணும் சொல்லலை. சொல்லாததால தடையும் இல்லை" என்று, அக்கினியைத் தள்ளி வைத்துவிட்டுக் காரையே வலம் வரச் சொன்னார். வேல்விழி சுற்றி வந்தாள். இந்தப் பக்கம் வரும்போது மாப்பிள்ளை சுண்டுவிரலை நீட்டினான். அவள் பின்னால் போகும்போது சீட்டில் நகர்ந்து அந்தப் பக்கம் போய் மறுபடி நீட்டினான்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது ஜெயசீலன் வந்து சேர்ந்தார். ஒரு கம்பியை விட்டு ஒரு நிமிஷத்தில் கதவைத் திறந்தார். பிறகு டேங்கைக் கழற்றினார். உள்ளே கையை விட்டு, ஒரு பிடி கூழை எடுத்து முகர்ந்து பார்த்தார். அதில் பாதி காந்தி தெரிந்தார்.

"யோவ், யாருய்யா இதுல நோட்டைப் போட்டது?"

"நீங்கதானே காசு குடிக்கும்னீங்க? நாங்களும் குறை வைக்கல" என்றார் பெத்தணன்.

ஜெயசீலன் பந்திப் பாயில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார்கள். "பம்ப்பு போச்சு, லைன் போச்சு. சாமான் எல்லாம் ஜெர்மனியில இருந்து வரணும். இதைச் சரி பண்ற செலவுல இன்னொரு கல்யாணமே பண்ணலாம்" என்றார்.

"அண்ணனுக்கு ஒரே பொண்ணுதானே" என்றான் சோணைமுத்து, வருத்தத்தோடு.

ஜெயசீலன் எழுந்து கும்பிட்டார். "வெளிப் பார்வைக்கு நல்ல வண்டியாத் தெரியற மாதிரி டேங்கை மாட்டி வைக்கிறேன். யாராவது வந்து கேட்டா, கண்ணை மூடிக்கிட்டு வித்துருங்க."

காரைத் தள்ளிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் பந்தல் லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அடுத்த வாரமே பெத்தணன் வீட்டு வாசலுக்கு ஒருவர் வந்து, "வண்டி விலைக்கு இருக்காமே?" என்று கேட்டார். மூவரும் உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"இந்த வண்டிதானா?"

"அதேதான்" என்றார் பெத்தணன்.

வந்தவர் விலை சொன்னார். ஒத்துக்கொண்டார்கள். சோணைமுத்து மடியில் தடவி, கையில் அகப்பட்ட சாவியை நீட்டினான். இஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பி, சத்தம் தேய்ந்து தேய்ந்து ரோட்டில் மறைந்தது.

"நம்மகிட்ட ஒருநாளாவது இப்படிக் கிளம்பிச்சா?" என்று பெத்தணன் ஆதங்கப்பட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்கள்.

கறுப்புக் கார் அங்கேயே நின்றது.

பெத்தணன் மெல்லப் போய் அதன் முகப்பைத் தடவினார். "பாருங்கடா. வித்தும் நம்மள விட்டுப் போக மனசில்ல. பாதி வழியில திரும்பி வந்திருச்சு" என்றார். மூவரும் அழுதார்கள்.

கண்ணைத் துடைத்தபோதுதான் அங்குச்சாமி கவனித்தான். "அண்ணே, பந்தல் சாமான் ஏத்துற நம்ம லாரியைக் காணோமே?"

பெத்தணன் கொஞ்சம்தான் யோசித்தார். "இது போயிருச்சுன்னு நினைச்சு, லாரி இதைத் தேடிப் போயிருக்கும்டா. பாவம், எந்த ரோட்டுல அலையுதோ!"

உடனே ஒரு பலகையும் சுண்ணாம்பும் கொண்டுவந்து, மெயின் ரோட்டு முனையில் போர்டு வைக்கத் தீர்மானித்தார்கள். கார் வந்துவிட்டது, தேட வேண்டாம், வீட்டுக்குத் திரும்பவும் என்று வாசகம் முடிவாயிற்று. அங்குச்சாமி பெருமையாக இங்கிலீஷில் முதல் எழுத்தைப் போட்டான்.

பெத்தணன் அவன் கையைத் தட்டிவிட்டார். "அது நம்மூர் லாரிடா. தமிழ்ல எழுது."