ஆமா, ஒரு வாரமா

குரு என்றால் வெள்ளைத் தாடி இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ஆலமரமாவது இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இதில் வரும் குருவுக்கு வயது இருபத்தொன்பது. பெயர் குருவம்மாள். பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருகிறவள். பெயரைப் பாதியாக வெட்டி எல்லோரும் அவளைக் குரு என்றே கூப்பிட்டார்கள். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. பிறகு வண்டி தவிர மற்ற சந்தேகங்களையும் அவளிடமே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

சந்தேகங்களுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்தார். குருவம்மாளின் கணவரே ராஜஸ்தான் மணலில் எங்கோ இருந்தார். பாதி ஊருக்குக் குடித்தனம் நடந்தது போனில்தான்.

சிஷ்யை அமுலுவுக்கு முப்பத்தைந்து. குருவைவிட மூத்தவள் என்பதால் குரு அவளை அக்கா என்பாள். சிஷ்யை குருவை வாடி, போடி என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சந்தைத் திடலில் ஈ, காக்கை இல்லை. குருவம்மாள் கோலமாவால் பெரிய எட்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். லைசென்ஸ் வேண்டுமென்றால் காலை ஊன்றாமல் அந்த எட்டின் மேலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். அமுலு மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் எட்டை மூன்றாக்கிவிட்டு நின்றாள்.

"இன்னாக்கா இன்னைக்கு? வண்டி ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போறே."

"சீக்கிரம் கத்துக்குடு குரு. எட்டு வந்துட்டா போதும். பொண்ணப் பின்னாடி ஒக்கார வெச்சிக்கினு நேரா குடியாத்தம், எங்கம்மா ஊடு."

"எப்ப திரும்பி வருவே?"

"வர மாட்டேன்."

அமுலுவின் குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது கண் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

குருவம்மாள் வண்டியை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டாள். "சொல்லு."

அமுலு சொன்னாள். கணவர் தாமோதரன் ஹவில்தார். வடக்கே பனிமலையில் ஒரு காவல் போஸ்டில் இருக்கிறார். அங்கே செல்போன் எடுக்காது. சாட்டிலைட் போன் ஒன்று உண்டு. ஞாயிறு பதினொரு மணிக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம். போன மாதம் அமுலு அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கிவிட்டாள். ஸ்கூல் வேனும் இல்லை, பஸ்ஸும் நேரத்துக்கு வருவதில்லை, பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் யார் கொண்டுபோய் விடுவது? விஷயம் தெரிந்த ஞாயிறு அவர் அங்கிருந்து கத்தினார். இவள் இங்கிருந்து கத்தினாள். ஐந்து நிமிடமும் அதற்கே சரியாகப் போய்விட்டது.

"அடுத்த ஞாயிறு?"

"அது இன்னும் மோசம்."

"வரிசையா சொல்லுக்கா. நீ இன்னா கேட்டே, அவரு இன்னா சொன்னாரு. ஒண்ணு விடாம."

அமுலுவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு வாரத்துக் கதையை ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டியிருந்ததால், மூச்சு விடாமல் பேசுகிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. அவளுடைய ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் ஓர் எறும்பு நுழைய முடியாது.

"ஒடம்பு நல்லாக்குதான்னு கேட்டேன். பேச்சே இல்ல. சரி, பனி பெய்யுதான்னு கேட்டேன். நல்லாக்குதுன்றாரு. நான் இங்க ஒத்த ஆளா அல்லாடறேன், மனுசன் பனிய ரசிக்கிறாரு. எனக்கு சுர்ருன்னு வந்துச்சி. எங்கூட பேசறதே ஒங்களுக்குப் பாரமாக்குதான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"ஆமா, ஒரு வாரமான்னாரு." அமுலு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கணக்கு வெச்சிருக்காரு பாரு. சண்டை போட்டு சரியா ஒரு வாரம்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா அப்பறம்? போன வெச்சிட்டேன்."

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போன் வந்தது. அமுலு எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு மனசு இளகிவிடப் போகிறது என்று போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டு வந்திருந்தாள். அதே யூனிட்டில் இருப்பவரின் மனைவி ஒருத்தி ரேஷன் கடையில் பார்த்துச் சொல்லியிருந்தாள். நாளைக்கு அவர்களை இன்னும் மேலே உள்ள போஸ்டுக்கு ஏற்றுகிறார்கள். அங்கே எந்தப் போனும் கிடையாது, மூன்று மாதத்துக்கு.

"இன்னைக்கு விட்டா அவ்ளோதான். போனா போவட்டும்," என்றாள் அமுலு. "இன்னா குரு, நான் சொல்றது சரிதானே? பாரம்னு சொன்னவருகிட்ட நான் எதுக்குத் தொங்கணும்?"

குருவம்மாள் அவள் கையில் சாவியைக் கொடுத்தாள். "வண்டிய எடு. இன்னொரு தபா எட்டு போடு."

இவ்வளவு சொல்லியும் ஓர் ஆறுதல் வார்த்தை இல்லையே என்று அமுலுவுக்கு வருத்தம். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"குரு, நடுவுல கால் ஊனிட்டா ஃபெயில் பண்ணிடுவாங்களா?"

குருவம்மாள் வாயைத் திறக்கவில்லை. திடலோரம் மேய்கிற ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குரு, எம்மேல கோவமா?"

"ஆமாக்கா. கண்டிப்பா."

அமுலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் இன்னாடி பண்ணேன்?"

"சேச்சே, துளிகூட இல்ல."

"இல்லியா? அப்ப நாளைக்கு நான் கிளாசுக்கு வரட்டுமா, வேணாமா?"

"எட்ட மூணாக்கிட்டே."

"இன்னாடி ஒளர்றே? காலைல இன்னா சாப்ட்டே நீ?"

"தாராளமா வாக்கா."

"ஒனக்கு இன்னா பைத்தியமா?"

"ரெண்டு இட்லி."

"அடியே, இத நிறுத்துவியா, மாட்டியா?"

"கொஞ்சம்."

அமுலுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதமாகச் சிரிக்காதவள் வண்டியின் ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "பைத்தியமான்னா கொஞ்சம்ன்றா பாரு," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. விரலை மடக்கி எதையோ கணக்குப் போட ஆரம்பித்தாள்.

"கோவமான்னு கேட்டதுக்கு நீ ஆமான்னே. அது ஃபெயிலுக்குச் சொன்னது."

அமுலு இன்னொரு விரலை மடக்கினாள்.

"பனி பெய்யுதான்னு கேட்டேன். நல்லாக்குதுன்னாரு. அது ஒடம்புக்கு." அடுத்த விரலை மடக்குமுன் அமுலுவின் கை நின்றது. "ஆமா, ஒரு வாரமா."

"ம்."

"பனிடி. பனி ஒரு வாரமா பெய்யுதுன்னு சொல்லிருக்காரு."

"ம்."

"இந்தப் பேச்சு வானத்துக்குப் போயிட்டுத் திரும்பி எறங்குது, பதில் லேட்டாதான் வரும், நிறுத்தி நிறுத்திப் பேசுன்னு போன வருசமே சொன்னாரு. எங்க கேட்டேன் நானு?" அமுலு வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். "அப்ப, பாரமான்னு கேட்டதுக்கு அவரு இன்னா சொன்னாரு?"

"அது வந்து சேர்றப்ப நீ போன்ல இல்லக்கா."

அமுலுவுக்குத் தன்னை நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது, அதைத்தான் அவளால் அடக்க முடியவில்லை.

"மணி இன்னாடி?"

"பத்தே முக்கா."

"ஐயோ, அரிசி டிரம். குரு, நீ ஓட்டு, நான் பின்னாடி ஒக்கார்றேன்."

குருவம்மாள் போய் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். "ஊடு ஒன்னுது. போன் ஒன்னுது."

அமுலு அதுவரை தார் ரோட்டில் வண்டி ஓட்டியதில்லை. அன்றைக்கு ஓட்டினாள். கடைவீதியில் மோர் விற்கிறவர் அவளைப் பார்த்ததும் பானையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ரேஷன் கடை திருப்பத்தில் நாலு எருமைகள் நடு ரோட்டை விட்டு நகர மாட்டேன் என்று நின்றன. அமுலு தூரத்திலிருந்தே ஹாரனை அடித்தாள், கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் இரண்டு எருமைகளுக்கு நடுவில் அப்படியே வளைத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கேயும் காலை ஊன்றவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த குரு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ரேணுகாம்பாளுக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

கதவைத் திறக்கும்போதே அரிசி டிரம்முக்குள் போன் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. அமுலு முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தாள். போனிலிருந்து அரிசி உதிர்ந்தது. ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அமுலு? எடுத்திட்டியா?"

"எடுத்திட்டேன்."

எட்டுக் கேள்விகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நாக்கின் நுனிக்கு வந்துவிட்டன. அமுலு ஏழு கேள்விகளை விழுங்கினாள்.

"எங்கூட பேசறது ஒங்களுக்குப் பாரமாக்குதா?"

போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. அமுலுவின் வாய் தானாகத் திறந்தது. குருவம்மாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். வாய் மூடிக்கொண்டது. ஒரு மூச்சு மேலே போனது. ஒரு மூச்சு கீழே இறங்கியது.

"அன்னைக்கே சொன்னனே. ஒனக்குக் கேக்கலியா?"

"கேக்கல. திருப்பிச் சொல்லுங்க."

காத்திருந்தாள்.

"அஞ்சு நிமிசம் பேசறதுக்கு ரெண்டு மணி நேரம் பனில வரிசைல நிக்கிறேன். பாரமாக்குதுன்னா எவனாச்சும் நிப்பானான்னு கத்திச் சொன்னேன். எம் பின்னாடி நின்ன ஏழு பேருக்கும் கேட்டுச்சி. ஒனக்குத்தான் கேக்கல."

அந்தப் பக்கம் ஏழு பேரோ எத்தனை பேரோ சிரிக்கிற சத்தம் வந்தது. அமுலு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"வண்டி வாங்கினதுல இன்னும் கோவமாக்குதா?"

இரைச்சல்.

"ஆமா."

இந்த ஆமா எந்தக் கேள்விக்கு என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. அமுலுவுக்கு அது பிடித்திருந்தது. தனக்கென்றே வந்த கோபம், பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

"நீ எங்கனா உழுந்து வெச்சா நான் இங்கேர்ந்து ஓடியார முடியுமா?" என்றார் தாமோதரன். கோபமாகத்தான் சொன்னார். முடிக்கும்போது குரல் கொஞ்சம் உடைந்தது.

"உழல. இப்பதான் சந்தைத் திடல்லேர்ந்து ஊடு வரைக்கும் ஓட்டிக்கினு வந்தேன். காலே ஊனல."

ஒரு மூச்சு மேலே. ஒரு மூச்சு கீழே.

"நெசமாவா?"

அந்த ஒற்றை வார்த்தையில் பெருமை இருந்தது. பத்து வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது தெரியாதா? அமுலு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நேரம் முடியப்போகிறது என்று போன் குக் குக்கென்று அடிக்க ஆரம்பித்தது. ஒரு கேள்விக்குத்தான் இடம் இருந்தது.

"லீவுல வரப்ப காட்பாடி ஸ்டேஷனுக்கு நானே வண்டி எடுத்தாறேன். எம் பின்னாடி ஒக்காந்து வருவீங்களா?"

அமுலு காத்திருந்தாள். இரைச்சல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அவள் போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். குலுக்கிப் பார்த்தாள். இரண்டு அரிசி விழுந்தது.

"குரு, பதில் வரலியேடி."

"வரும்க்கா. இது மூணு மாசம் கழிச்சி வரும்."

"அவ்ளோ நாளு நான் இன்னா பண்றது?"

குருவம்மாள் எழுந்து அரிசி டிரம்மை மூடினாள்.

"அதுக்குள்ள நீ வேற கேள்வி கேட்டுடாத."