காவல் நின்ற தெரு

எந்த ராஜா என்று கேட்காதீர்கள். அவர் ஊரில் மழை விடாமல் பெய்த ஐப்பசியில், திருடர் தெரு என்று ஏரிக்கரைத் தெருவைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தத் தெருவில் குடியிருந்து அரண்மனையில் நெல் குத்தும் காத்தாயி, நனைந்த சேலையோடு சபைக்கு ஓடினாள்.

ஊர்க்காவலைக் கவனிக்கும் தளவாய் வீரப்பெருமாள் மீசையை நீவினார். “மகாராஜா, களவு எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே சொல்வேன். இதுவரை பிடிபட்ட திருடர் அத்தனை பேரும் ஏரிக்கரைக்காரர்கள். இனிப் பிடிபடப் போகிறவர்களும் அவர்கள்தான்.”

பிறகு காத்தாயியைப் பார்த்தார். “பெரிய மனிதர்கள் வாழும் எங்கள் கோட்டைத் தெருவில் ஒரு திருடனைக் காட்டு. உன் தெருவை விட்டுவிடுகிறேன்.”

சபை சிரித்தது.

“காட்டறேன் சாமி. காவல்காரங்க எல்லாரும் எங்க தெருவுலதானே நிக்கிறாங்க? வலையை எங்க ஏரியில மட்டும் போட்டுட்டு, மத்த குளத்துல மீனே இல்லைங்கறீங்களே! அமாவாசை வரைக்கும் அவங்கள உங்க தெருவுல நிறுத்துங்க.”

ராஜா சம்மதித்தார். அமாவாசைக்கு முன்பே கோட்டைத் தெருவில் அரண்மனைக் களஞ்சியத்து நெல் மூட்டையோடு ஒருவன் பிடிபட்டான். அவன் தளவாயின் மைத்துனன்.

“இது ஏதோ விதிவிலக்கு, மகாராஜா,” என்று முனகினார் தளவாய்.

“அப்போ காவலை இன்னும் ஒரு மாசம் அங்கேயே விடுங்க சாமி,” என்றாள் காத்தாயி. “எத்தனை விதிவிலக்கு வருதுன்னு பாத்துருவோம்.”

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. “வேண்டாம் மகாராஜா!” என்று சபை முழுக்க ஒரே குரலில் அலறியது.

ராஜா உத்தரவைக் கிழித்துப்போட்டார். தெரு பிழைத்தது. காவல்காரர்கள் மட்டும் மறுநாளே ஏரிக்கரைக்குத் திரும்பிவிட்டார்கள்.