எழுந்து நின்ற குட்டி

ஒரு தொழிற்சாலையில் எறும்புத் தலை அளவில், மின்சாரத்தை அளவோடு விடும் ஒரு ரெசிஸ்டர் இருந்தது. பெயர் குட்டி. பச்சை மின்சுற்றுப் பலகை ஒன்றில், இரண்டு பொட்டு ஈயப்பசைமேல் அதைப் படுக்க வைத்திருந்தார்கள். பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பலகை போகவிருந்தது.

பெல்ட்டில் ஏறி, ஈயத்தை உருக்கும் அடுப்புக்குள் நுழைந்ததும் ஒரே கும்மாளம்.

"ஐயோ, கூசுது! காலெல்லாம் கூசுது!" என்று சிரித்தது குட்டி.

இடப்பக்க ஈயத்துக்கு அவசரம். வலப்பக்கம் இளகுவதற்குள் தான் உருகி, குட்டியைக் கட்டிப்பிடித்து இழுத்தது. விருட்டென்று குட்டி ஒற்றைக் காலில் எழுந்து நின்றுவிட்டது.

"படுடான்னா டான்ஸ் ஆடுறான் பாரு!" பலகை முழுக்கச் சிரிப்பு.

"நீங்க படுத்தே கிடங்க. எனக்கு இங்கேருந்து ஊரே தெரியுது!"

தெரிந்தது. பக்கத்திலிருந்த பல கால் கொண்ட கறுப்புச் சில்லின், அதாவது சிப்பின், ஆறாவது காலடியில் ஈயம் பளபளத்தது. ஆனால் காலை அது பற்றவில்லை. சும்மா தொட்டுக்கொண்டிருந்தது.

"ஆறு, உன்னை ஈயம் பிடிக்கவே இல்லையே!"

"ஷ்ஷ்! கத்தாதே. தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? கரன்ட் ஓடும். சோதனையில பாஸ்!"

"சூடு எவ்வளவுன்னு பெட்டிக்குச் சொல்றதே நீதான். உள்ளே குழந்தை இருக்கும்போது விட்டுட்டா?"

"விடமாட்டேன்..." ஆறாம் கால் இழுத்தது. "அநேகமா."

சோதனை மேசையில் பிலோமினா பலகையை எடுத்தாள். குறை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவதும், அம்பு காட்டியதை மட்டும் சரிசெய்து அனுப்புவதும் அங்கே வழக்கம். குட்டியின் காலடியில் அம்பு விழுந்தது.

"மாப்பிள்ளைக்குப் பொட்டு வெச்சாச்சு!" என்று கூவின மற்றவை.

"சீக்கிரம்க்கா, இன்னும் நாப்பது பலகை கிடக்கு," என்றாள் பக்கத்து மேசை ரோஸ்லின். "ஒரு தொடு தொட்டு, படுக்க வெச்சு அனுப்புங்க."

குட்டிக்குச் சிரிப்பு நின்றது. தான் படுத்துவிட்டால் இந்தப் பலகையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"ஈயண்ணே, ஒரு நிமிஷம் உருகாதே!"

"நானா? சூட்டைப் பார்த்தாலே உருகுறவன்டா நான்!"

"இன்னிக்கு மட்டும்!"

ஈயம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் தொட்டும் குட்டி விறைப்பாக நின்றது.

"என்னடி இது, அடம் பிடிக்குது!" பிலோமினா பலகையைச் சாய்த்து, பூதக்கண்ணாடியில் பக்கவாட்டாகப் பார்த்தாள். "ரோஸ்லின், இங்கே வா. இந்தச் சில்லு, மேலேருந்து பார்த்தா வைரமா மின்னுது. இப்படிப் பாரு, ஒரு கால் ஈயத்துல பிடிக்காம சும்மா நிக்குது."

"அம்பு அதைக் காட்டலையேக்கா."

"அம்புக்கு என்னடி தெரியும்?"

ஆறாம் காலுக்கும் சூடு விழுந்தது. "ஆ... ஊ... அடேயப்பா! பிடிக்கிறதுன்னா இதுதானா!" என்றது அது. பிறகுதான் ஈயம் மூச்சை விட்டது. குட்டி சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

சில வாரங்கள் கழித்து, பெட்டிக்குள் இரண்டு நாள் குழந்தை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு தாய்.

"சிஸ்டர், சூடு சரியா இருக்கா?"

"இருக்கும்மா. இப்பத்தானே கேட்டீங்க."

"இன்னொரு தடவை பாருங்களேன்."

பெட்டிக்கு அடியில், பலகைமேல் குட்டி மல்லாந்து கிடந்தது. "ஆறு, படுத்ததுலேருந்து எனக்கு ஒண்ணுமே தெரியல. வெளியே என்ன நடக்குது?"

"பேச்சுக் கொடுக்காதேடா," என்றது ஆறாம் கால். "பிடிச்சுக்கிட்டிருக்கேன்."