நாற்று முடியைத் தாண்டாத குருவி

அந்தக் காலத்தில் பறவைகளோடு நமக்குப் பேச்சுவார்த்தை இருந்தது. காக்கை குசலம் விசாரிக்கும். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று கொக்கு வந்து சொல்லும். அப்புறம்தான் பேச்சு முறிந்துபோயிற்று. தப்பு யார் மேல் என்று நான் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும்.

ஓர் ஐப்பசி மாதம், சம்பா நடவு. எட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் ஆள் பூவாயி. வாய்த்துடுக்குக்காரி, ஆனால் மனசு வெல்லம். நடவு நடக்கும்போது வரப்பில் யார் வந்தாலும் அவர் காலடியில் ஒரு நாற்று முடியை, அதாவது நடுவதற்குக் கட்டிவைத்த நாற்றுக் கட்டை, வைத்து மறிப்பது வழக்கம். நாற்றைத் தாண்டினால் பயிரை அவமதித்ததாகிவிடும். வெற்றிலை, வெல்லம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பாட்டு, எதையாவது கொடுத்தால்தான் முடியை எடுப்பார்கள். இடுப்பு ஒடியக் குனிகிறவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டாமா?

அன்று காலையில் வரப்பில் ஒரு குருவி நடந்து வந்தது. சாம்பல் தலை, மஞ்சள் வயிறு, உடம்புக்குப் பொருந்தாத நீள வால். அந்த வால் அப்போது ஆடவில்லை, சும்மா பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அது என்னாக்கா குருவி? நம்ம ஊருல பாத்ததே இல்லயே!" என்றாள் பக்கத்தில் நட்ட தைலி.

"யாரு கண்டா? சம்பந்தி வீட்டுக்குப் போவுதோ என்னமோ. புது ஆளு, சும்மா வுட்டுருவமா?" என்று சொல்லிக்கொண்டே, சேறு சொட்டச் சொட்ட ஒரு முடியை எடுத்துக் குருவியின் முன்னால் வைத்தாள் பூவாயி. "குடுக்கறதக் குடுத்துட்டுப் போங்க தொரை!"

குருவி நின்றுவிட்டது. வெளியூர்க்காரர்கள் பேசுவதுபோல அளந்து அளந்து பேசியது. "மலைகளுக்கு அப்பாலிருந்து வருகிறேன், அம்மா. இறக்கை ஓய்ந்துவிட்டது, அதனால்தான் நடக்கிறேன். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லையே."

"அப்ப இருக்கறப்ப குடுங்க. அதுவரைக்கும் இங்கனயே நில்லுங்க!"

எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குள் மேற்கே கருத்துக்கொண்டு வரவே, மழைக்கு முன் முடிக்கவேண்டுமென்று வயலின் மறுகோடிக்குப் போய் மளமளவென்று நட ஆரம்பித்தார்கள். மழை வந்தது, போனது. குருவியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

உச்சிப்பொழுதில் கஞ்சி குடிக்க வரப்பேறியபோது தைலி அலறினாள். "அக்கா, அது இன்னும் அங்கனயே கெடக்குக்கா!"

முடிக்கு முன்னால் குருவி குன்றிப்போய் உட்கார்ந்திருந்தது. நனைந்த இறகு உடம்போடு ஒட்டி, கண் பாதி மூடியிருந்தது. முடிக்கு அந்தப் பக்கம் புதிதாக உழுத சேறு. பூச்சியும் புழுவும் மொய்த்துக் கிடந்தன. நாலே அடி தூரம்.

"அட கெட்டியே, தாண்டிப் போறதுக்கு என்னா?" என்றபடி ஓடிவந்தாள் பூவாயி.

"கொடுக்காமல் போகக் கூடாது என்றீர்களே. வந்த ஊரில் முதல் நாளே மரியாதை தெரியாதது என்று பேர் எடுக்கலாமா?"

"வெளையாட்டுக்குச் சொன்னதுடா சாமி!" பூவாயி முடியை எடுக்கக் குனிந்தாள்.

"இருங்கள்" என்றது குருவி. பாட வாயைத் திறந்தது, தொண்டை வறண்டு சத்தம் வரவில்லை. இறக்கையை விரித்துக் காட்டப் பார்த்தது, விரியவில்லை. மிச்சம் இருந்தது வால் ஒன்றுதான். அதை மெல்ல மேலே தூக்கியது, கீழே இறக்கியது. மறுபடி தூக்கியது, இறக்கியது. அப்படியே வரப்பில் சாய்ந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. பூவாயி முடியை எடுத்து வீசிவிட்டு, கஞ்சியை மறந்து சேற்றில் இறங்கினாள். பூச்சி பூச்சியாகப் பொறுக்கிவந்து அதன் வாயில் வைத்தாள். "நீ குடுத்தாச்சு சாமி, நெறயக் குடுத்தாச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பொழுது சாய்வதற்குள் குருவி எழுந்து நின்றது. முடி இருந்த இடத்தைத் தாண்டுவதற்கு முன்னால், இன்னொரு தடவை வாலை ஆட்டிவிட்டுத்தான் போனது.

அன்று முதல்தான் அதற்கு வாலாட்டிக் குருவி என்று பெயர். வருஷா வருஷம் ஐப்பசியில் வந்து, வரப்பில் நாலடி ஓடும், நிற்கும், வாலை ஆட்டும். யார் எங்கே மறிப்பார்களோ என்று முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. நடவுப் பெண்கள் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் இன்னும் மறிக்கத்தான் செய்கிறார்கள். அதை மட்டும் மறிப்பதில்லை. நிமிர்ந்து பார்த்து, "போ சாமி, எப்பவோ குடுத்தாச்சு" என்கிறார்கள். நம் பேச்சுதான் அதற்கு இப்போது புரிவதில்லையே. அது ஆட்டிக்கொண்டேதான் இருக்கிறது.