மீறல் யார் பேரில்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே ஊழியர்களின் வருகைக் கணக்கை வைக்கும் டைம் ஆபீஸைப் பார்த்துக்கொண்டவர் நல்லபெருமாள். அதற்கு முன் ஒரு நூற்பாலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். சங்கு ஊதி முடிந்த பிறகு வருகிறவன் யாராக இருந்தாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்பான் என்று அங்கே பெயர் வாங்கியிருந்தார். ஆலை மூடியதும் இங்கே வந்தார். இங்கே சங்கு இல்லை. மற்றபடி மனிதர் மாறவில்லை.

மருத்துவமனை ஒரு மென்பொருள் வாங்கியது. யாருக்கு எப்போது டூட்டி, யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது இடைவேளைக்குப் போனார்கள் என்பதையெல்லாம் இனி அதுவே பார்த்துக்கொள்ளும். அதை நல்லபெருமாளுக்குச் சொல்லிக்கொடுக்க கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பெயர் தஸ்லிமா. மேலப்பாளையத்துக்காரி. நல்லபெருமாளின் மூத்த மகளைவிடச் சின்னவள்.

தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் அவருக்கு வெட்கம் கிடையாது. முதல் நாளே தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாரையும் போல அவளும் அவரை அண்ணாச்சி என்றாள். அவர் அவளை டீச்சர் என்றார். கேலிக்குச் சொல்லவில்லை.

அவள் கற்றுக்கொடுத்த விதம் அவருக்குப் புதிதாக இருந்தது. மவுஸை அவர் கையிலிருந்து வாங்கவே மாட்டாள். தப்பாகப் போனால் போகட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். எந்த விதியைப் போட்டாலும் முதலில் ஒரே ஒரு பிரிவில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பு.

அந்தச் சமயத்தில்தான் டயாலிசிஸ் பிரிவில் பாக்கியசெல்வி மயங்கி விழுந்தாள். ஒரு நேரத்துக்கு அங்கே ஒரே டெக்னீஷியன்தான். அன்றைக்கு அவள். மெஷினோடு கட்டிப்போட்டது போலப் படுத்திருந்த நோயாளிகள்தான் சத்தம் போட்டு ஆள் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஓடிப் போய்த் தூக்கி உட்கார வைத்தவர்களில் நல்லபெருமாளும் ஒருவர். சோடாவை வாயில் வைத்தபோது அவள் முதலில் கேட்டது, மூன்றாம் படுக்கைக்காரருக்கு பிரஷர் பார்த்தீர்களா என்று.

திரும்பி வந்தவர் ஸ்டூலில் உட்காரவில்லை.

"டீச்சர், இந்த ஆஸ்பத்திரியில சாப்பிடாம ஒருத்தரும் வேலை பார்க்கக் கூடாது. அப்படி ஒரு விதி போட முடியுமா?"

"முடியும்."

"தப்பவே முடியாதபடி?"

"போட்டுப் பாருங்க, அண்ணாச்சி."

டயாலிசிஸ் பிரிவோடு, அதே மாடியில் இருந்த பரிசோதனைக் கூடத்தையும் சேர்த்து ஒரே பிரிவாக எடுத்துக்கொண்டார். முதலில், நேரமானதும் எல்லார் போனிலும் ஒரு மணி அடிக்கும்படி செய்தார். மணி அடித்தது. அதை அணைத்துவிட்டு எல்லாரும் வேலையைப் பார்த்தார்கள். அடுத்து, இடைவேளைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கைரேகை வைத்தே ஆக வேண்டும் என்று போட்டார். வைக்காவிட்டால் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற ரேகையை மெஷின் வாங்காது.

இது பலித்தது. இரண்டே நாளில் திரை முழுக்கப் பச்சை. ஒருவர் விடாமல் இடைவேளை எடுத்திருந்தார்கள். நல்லபெருமாளுக்கு ஆலையில் கூட இப்படி ஒரு திருப்தி கிடைத்ததில்லை. திரையைத் தஸ்லிமா பக்கம் திருப்பிக் காட்டினார்.

அவள் பார்த்தாள். "பசிக்குது அண்ணாச்சி. கேண்டீன் போவோமா?" என்றாள்.

இருவரும் போனார்கள். திரையில் பச்சையாக இருந்தவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்து ஆள் ஒருவர் மூலையில் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மற்ற பெஞ்சுகள் காலி. பரிமாறுகிறவர் ஈ விரட்டிக்கொண்டு நின்றார்.

 தஸ்லிமா சாம்பார் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நல்லபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. ரேகையை வைத்துவிட்டு நேரே திரும்பிப் போய் வேலை பார்க்கிறார்கள். தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று முதலில் கோபம் வந்தது. சாப்பிடாமல் இருந்துதானா ஒருத்தர் ஏமாற்றுவார் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்து விதியை இறுக்கினார். இடைவேளை தொடங்கினால் அரை மணி நேரத்துக்கு அந்தப் பிரிவின் கதவு அந்த ரேகைக்குச் சும்மா திறக்காது. அவசரம் என்று பொத்தானை அழுத்தினால் திறக்கும். ஆனால் அது மீறலாகப் பதிவாகும். மூன்று மீறல் சேர்ந்தால் மெமோ தானாகவே போகும். நிர்வாக அதிகாரிக்கும் ஒரு நகல் போகும்.

"கடுமையா இருக்கோ?" என்று கேட்டார்.

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"சாப்பிட வைக்கணும்னா கடுமையாத்தான் இருக்கணும் டீச்சர்."

அவள் தலையசைத்தாள். ஆமாம் என்று அர்த்தமா, கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தமா, அவருக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் பாக்கியசெல்விக்கு மெமோ போய்விட்டது.

அவள் நேரே டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். சண்டைக்கு வந்தது போல இல்லை. போனை நீட்டினாள்.

"அண்ணாச்சி, இதுக்குப் பதில் போடணுமாம். காரணம் எழுத இடம் இல்ல. இருக்கிறதுல ஒண்ணைத் தொடணும். செல்போன் பேசினது, சொந்த வேலை, மறதி, மத்தவங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தது. நான் எதைத் தொட?"

என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னாள். முதல் கவளம் எடுத்திருக்கிறாள். ஒரு நோயாளியின் மனைவி ஓடி வந்திருக்கிறார். நோயாளிக்கு பிரஷர் சரேலென்று இறங்கி, கண் மேலே போயிருக்கிறது. சோற்றுக் கையை உடுப்பிலேயே துடைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்து, சோப்பு போட்டுக் கையைக் கழுவி, கால் பக்கத்தை உயர்த்தி, மெஷினின் வேகத்தைக் குறைத்து, சலைன் ஏற்றி மனிதரைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். மற்ற இரண்டு மீறலும் அதே மாதிரிதான்.

"அவர் இப்ப எப்படி இருக்கார்?"

"நடந்துதான் வீட்டுக்குப் போனார்."

அவள் போன பிறகு நல்லபெருமாள் கணினி முன்னால் உட்கார்ந்தார். விதியைத் திறந்தார். அழித்துவிடப் போனார். தஸ்லிமா சட்டென்று மவுஸின் மேல் கையை வைத்தாள்.

"எதுக்கு எடுக்கீங்க?"

"அந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும் டீச்சர்."

"எடுத்துட்டா?"

  

"மறுபடியும் பட்டினி கிடப்பா. விழுவா," என்றார்.

அவள் கையை எடுத்துவிட்டு எழுந்தாள். "வாங்க, வெளியில போய் ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்."

அவரும் எழுந்தார். உடனே ஜன்னலைப் பார்த்தார். பார்வையாளர் பாஸுக்கு இரண்டு பேர் நின்றார்கள். பக்கத்து அறைக்குப் போய்க் கணக்கரைக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கணக்கர் வந்து ஜன்னலடியில் உட்கார்ந்ததை உறுதிசெய்துகொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். தஸ்லிமா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வரலையா?"

"இப்ப என்ன செஞ்சீங்க, அண்ணாச்சி?"

"டீ குடிக்கப் புறப்பட்டேன்."

"அதுக்கு முந்தி?"

நல்லபெருமாள் கதவில் கை வைத்தபடி நின்றார். ஜன்னலுக்கு வெளியே யாரோ பாஸுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கணக்கர் எழுதிக்கொண்டிருந்தார்.

டீ குடிக்கப் போகவில்லை. எதற்குக் கூப்பிட்டார், எதற்கு அனுப்பினார் என்று தெரியாமலே கணக்கர் தன் அறைக்குத் திரும்பினார்.

நல்லபெருமாள் விதியை முதலிலிருந்து எழுதினார். டயாலிசிஸ் பிரிவில் ஒருவருடைய இடைவேளை தொடங்க வேண்டுமென்றால், வேறொரு டெக்னீஷியன் அங்கே வந்து ரேகை வைத்திருக்க வேண்டும். வந்தவர் இருக்கும்வரை போனவரை யாரும் கூப்பிடக் கூடாது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் அதில் இருந்த ஓட்டை தெரிந்தது.

"அங்க இன்னொரு ஆளே கிடையாதே டீச்சர். தினமும் மீறலாத்தான் விழும்."

"விழும்."

"அதுவும் அவ பேர்லதானே விழும்?"

தஸ்லிமா திரையின் அடிப்பகுதியைக் காட்டினாள். அவர் இதுவரை அவ்வளவு கீழே போனதில்லை. சின்னதாக ஒரு கட்டம். மீறல் யார் பேரில் பதிவாக வேண்டும் என்று கேட்டது. ஊழியர் என்று அதுவாகவே நிரப்பிக்கொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடவில்லை.

"இதுல யார் பேரைப் போடணும்?"

"அங்க இன்னொரு ஆளை அனுப்ப யாரால முடியும்?"

அது அவருக்குத் தெரியும். நிர்வாக அதிகாரி ஞானதிரவியம். டூட்டிப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். நல்லபெருமாளின் வேலையை வருஷா வருஷம் நீட்டித்துக் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். அந்தக் கையெழுத்துக்கான மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கேட்காமல் செய்ய மனசு ஒப்பவில்லை. மாடிக்குப் போனார். பாக்கியசெல்வியின் மெமோவை எடுத்துவிட வேண்டும், டயாலிசிஸுக்கு மதிய நேரத்தில் இன்னொரு ஆள் வேண்டும் என்று நின்றுகொண்டே கேட்டார். ஞானதிரவியம் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார். ஆள் விஷயத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். மெமோ விஷயத்தில் சிரித்தார். விதி நீங்களே போட்டதுதானே, ஒருத்திக்காக அதைத் தளர்த்தினால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள், விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று கேட்டார்.

அது நல்லபெருமாளுக்கு ஆலை வாசலில் தானே சொன்ன வாக்கியம் போல இருந்தது.

"எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். அப்படியே போடுதேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கீழே வந்து தஸ்லிமாவிடம், இதில் உன் பெயரும் அடிபடும், உன் கம்பெனியில் கேள்வி வரும், நீ இப்போதே எழுந்து போய்விட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்றார். அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அவர் ஒரே விரலால், எழுத்து எழுத்தாக, அந்தக் கட்டத்தில் பெயரை அடித்தார்.

மறுநாள் மதியம் ஞானதிரவியத்தின் போன் அலறியது. கூட்டத்தில் இருந்தார். டயாலிசிஸில் மாற்று ஆள் வரவில்லை, மீறல் என்றது. அணைத்தார். அடுத்த நாள் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போது வந்தது. மூன்றாம் நாள் வந்ததும், யாரும் அனுப்பாமலே, அவர் பெயருக்கு மெமோ போனது. அவருக்கும் மேலே இருந்த அறங்காவலர்களுக்கு நகல். விளக்கம் எழுத இடமில்லை. இருக்கிற காரணங்களில் ஒன்றைத் தொட வேண்டும்.

இருவரையும் மாடிக்கு வரச் சொன்னார்.

அடுத்த மாதப் பட்டியலில் டயாலிசிஸுக்கு ஒரு பெயர் கூடியது. பாக்கியசெல்வியின் மெமோவும் நீக்கப்பட்டது. நல்லபெருமாளின் வேலையை மட்டும் ஒரு வருஷத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு நீட்டித்தார்கள். அவர் அதற்கும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று மாடிக்கு ஏறும்போது வேலை இன்றோடு சரி என்றுதான் நினைத்துக்கொண்டு ஏறினார். 

ஞானதிரவியம் போனை மேஜையில் வைத்திருந்தார். அவர்கள் உள்ளே நுழையவும் அது மறுபடி அலறியது. தஸ்லிமாவைப் பார்த்துக் கேட்டார்:

"இதை நிறுத்த என்னம்மா செய்யணும்?"

"எனக்குத் தெரியாது சார். விதி எழுதினவர் அண்ணாச்சிதான்," என்றாள் தஸ்லிமா.

நல்லபெருமாள் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தன் டீச்சர் முகத்தோடு, தப்பாகப் போனால் போகட்டும் என்பது போல நின்றாள்.

"அந்தப் பிள்ளை சாப்பிட்டா நின்னுரும் சார்," என்றார் நல்லபெருமாள்.