படையல் கேட்காத சாமி

தேரி மணல்மேடு சிவப்பு, கடல் நீலம், அதற்கு மேல் உலகத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்காத காலம். ஊருக்கு ஒரு சாமி, சாமிக்கு ஒரு கதை, கதைக்கு ஒரு பாட்டுக்காரர். அந்தக் காலத்தில் சுடலைக்கண்ணு என்று ஒரு வில்லுப்பாட்டுக்காரர் இருந்தார். பாட்டு வாத்தியார் என்பதால் மரியாதையாக 'அண்ணாவி' என்பார்கள்.

எந்தக் கோயிலில் கொடைத் திருவிழா நடந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பாடுவதெல்லாம் அநியாயமாக வெட்டுப்பட்டவர்களின் கதை. வெட்டுப்பட்டவன் சாகும்போது சாபம் விடுவான். செத்த பிறகு திரும்பி வருவான். வெட்டினவன் வீட்டில் தொட்டில் ஆடாது, அடுப்பு எரியாது. கடைசியில் ஊரே பயந்து, பீடம் போட்டு, கிடா வெட்டிப் படையல் வைக்கும். அப்புறம்தான் அடங்குவான்.

இத்தனை பேரைப் பாடி அடக்கின சுடலைக்கண்ணுக்கு, செத்துப்போன ஒருத்தனிடம் மட்டும் பயம்.

அவன் பெயர் பிச்சையா. அவர் பாட்டுக்குக் குடம் அடித்தவன், கூடவே வளர்ந்தவன். ஒரு கொடை முடிந்து இரண்டு பேரும் நடந்து வந்தபோது, வழியில் ஓர் ஊரில் ஆடு காணாமல் போயிருந்தது. முன்னால் போன பிச்சையாவைத் திருடன் என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த சுடலைக்கண்ணை மறித்து, "இவன் உம்ம ஆளா?" என்று கேட்டார்கள்.

சுடலைக்கண்ணு அவர்கள் கையில் இருந்த கம்புகளைப் பார்த்தார்.

"இவனை நான் கண்டதே இல்லை" என்றார்.

பிச்சையா அதைக் கேட்டான். திரும்பிப் பார்த்தான். விடியும்போது அவன் உயிரோடு இல்லை.

அவன் பெண்டாட்டி பேச்சியிடம், "நான் வேற வழியா வந்துட்டேன், தாயி" என்று சொன்னார் சுடலைக்கண்ணு. அதோடு அந்தத் தெருப்பக்கம் போவதை விட்டுவிட்டார்.

வருஷாவருஷம் பனங்காட்டுக்குள் பிச்சையாவுக்குப் படையல் வைத்தார். முதலில் கருவாடும் சுருட்டும் வைத்தார். பிறகு சேவல். பிறகு கிடா. படையல் பெருத்ததே தவிர பயம் இளைக்கவில்லை.

கடற்கரையில் ஓலைக் குடிசை போட்டு, சந்தியாகு சாமி என்று ஒரு துறவி இருந்தார். இயேசுவின் அடியார். வயதில் சுடலைக்கண்ணுக்குத் தம்பி ஆகலாம். ஒருநாள் சுடலைக்கண்ணு அவர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"சாமி, உங்க சாமியும் கொலைப்பட்டவராமே?"

"ஆமா, அண்ணாவி."

"செத்து, திரும்பியும் வந்தாராமே?"

"வந்தார்."

"அப்ப எனக்குப் பழக்கப்பட்ட வகைதான்" என்றார் சுடலைக்கண்ணு. பிறகு பிச்சையாவின் கதையைச் சொன்னார். அதுவரை அவர் யாரிடமும் சொல்லாத கதை. சொல்லி முடித்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"செத்தவன்கிட்ட இருந்து என்னைக் காப்பாத்த ஒரு ஆள் வேணும். நான் பாடுத சாமிக எல்லாருக்கும் கொடுத்துப் பாத்துட்டேன். உங்க சாமிகிட்ட மட்டும் அப்படி என்ன இருக்கு?"

"தினமும் பொழுது சாய வாங்க. கதையைச் சொல்லுதேன்" என்றார் சந்தியாகு சாமி.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்கச் சுடலைக்கண்ணு போனார். பாட்டுக்காரர் ஆயிற்றே, சும்மா கேட்கவும் மாட்டார். இயேசுவைத் தோட்டத்தில் பிடித்தார்கள் என்றால் எத்தனை தீப்பந்தம் என்பார். இயேசுவின் சீடன் பேதுரு, 'அவரை எனக்குத் தெரியாது' என்று மறுதலித்த இடம் வந்தபோது மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாமி கொடுத்த மோரைக் கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

சிலுவை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாகும்போது என்ன சாபம் விட்டார்?"

"சாபம் விடல. 'இவங்களை மன்னிச்சிரும்'னு தகப்பன்கிட்ட கேட்டார்."

சுடலைக்கண்ணு யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"சரிதான். பெரிய ஆளுக அப்படித்தான். சத்தம் காட்டாமப் போவாங்க. திரும்பி வரும்போது வச்சுக்கிடுவாங்க."

சந்தியாகு சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டார். கல்லறைக் கல் புரண்டது, உள்ளே உடல் இல்லை என்பது வரைக்கும் சொல்லி நிறுத்தினார்.

"மிச்சம்?"

"உயிர்ப்பு ஞாயிறு காலையில எங்க கோயில் வாசல்ல நீங்கதான் பாடப் போறீங்க. சனங்க ஆசைப்படுறாங்க. மிச்சத்தை நீங்களே கட்டுங்க. முந்தின நாள் எனக்குப் பாடிக் காட்டுங்க, போதும்."

சனிக்கிழமை மத்தியானம் சுடலைக்கண்ணு வில்லோடு வந்தார். பிச்சையாவுக்குப் பிறகு குடம் அடிக்கும் தங்கப்பழமும் வந்தான். தங்கப்பழத்துக்கு வயிறும் பெரிசு, வாயும் பெரிசு.

"சாமி, கேட்டுட்டு மயங்கி விழுந்துராதீங்க. அண்ணாவி அப்படிக் கட்டியிருக்காரு. நானே ரெண்டு நாளா தனியாப் படுக்கல" என்றான்.

"ஏலே, குடத்தை அடி" என்றார் சுடலைக்கண்ணு.

வில்மணிகள் குலுங்கின.

"கல்லைப் பொளந்து வந்தார், கண்ணு ரெண்டும் தீயாக..."

"ஆமா, தீயாக!"

"சொல்லை மறந்தவனைத் தேடித் தெருத்தெருவா..."

"ஆமா, தெருத்தெருவா!"

தெரு நாய்கள் குரைக்கின்றன. ஒரு வீடு, பூட்டின கதவு. உள்ளே பேதுரு நடுங்கிக்கொண்டிருக்கிறான். திரும்பி வந்தவர் காலால் ஓர் உதை விடுகிறார். பேதுருவின் நாக்கைப் பிடித்து இழுக்கிறார். சுடலைக்கண்ணின் கழுத்து நரம்பு புடைத்தது. தங்கப்பழத்தின் குடம் இடியாக இடித்தது.

சந்தியாகு சாமி கையை உயர்த்தினார்.

"அண்ணாவி, கொலைத் தீர்ப்பு சொன்னவன் பிலாத்து. அவன் மாளிகை போற வழியிலதானே இருக்கு. அங்க போகாம இவர் நேரா பேதுருகிட்ட ஏன் போறார்?"

"பிலாத்து அந்நியன், சாமி. அந்நியன் அடிச்சா உடம்புதான் வலிக்கும். தெரிஞ்சவன், கூடத் தின்னவன், கண்டதே இல்லைன்னு..."

தங்கப்பழம் குடத்தின் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"நீங்க கட்டினதுல பாதி சரி" என்றார் சந்தியாகு சாமி. "வீடு உண்டு. கதவு பூட்டித்தான் இருந்தது. உள்ளே இருந்தவங்க எல்லாம் அவரை விட்டு ஓடினவங்கதான். உதைக்காமலே உள்ளே வந்து நின்னார்."

"நின்னு?"

"'உங்களுக்குச் சமாதானம்'னார்."

"முதல்ல எல்லாச் சாமியும் அப்படித்தான் சொல்லும், சாமி. அப்புறம் கேட்டிருப்பாரே."

"எதை?"

"படையலை."

"கேட்டார். 'திங்க ஏதாவது இருக்கா'ன்னு கேட்டார்."

"பாத்தீங்களா!" சுடலைக்கண்ணு தங்கப்பழத்தின் தொடையில் தட்டினார். "என்ன கொடுத்தாங்க?"

"ஒரு துண்டு மீன்."

"ஒரு துண்டா? அதுக்கா அடங்கினார்?"

"அண்ணாவி, எனக்கே ஒரு துண்டு பத்தாதே" என்றான் தங்கப்பழம்.

"அவருக்குப் பசி இல்லை. அவங்களுக்குப் பயம். பேய்னு நினைச்சு ஒடுங்கிப்போய் இருந்தாங்க. பேய் திங்காதுல்ல? அவங்க பயம் தீரட்டும்னு அவங்க கண்ணு முன்னால தின்னு காட்டினார்."

சுடலைக்கண்ணு வில்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அது சரி. பேதுருவைத் தனியாப் பிடிச்சிருப்பாரே. பிடிச்சு என்ன செஞ்சார்? அதைச் சொல்லுங்க."

"காலையில விடியும் முன்னே கடற்கரைக்கு வாங்க" என்றார் சந்தியாகு சாமி. "கோயில்ல பாட்டு அதுக்கு அப்புறம்தான்."

ஞாயிறு விடிய இருந்தது. சுடலைக்கண்ணு தலையில் ஒரு பெரிய கூடையைச் சுமந்து மணலில் இறங்கி வந்தார். கூடையில் பச்சரிசி, வெல்லம், தேங்காய், வாழைப்பழம், பெரிய கட்டு முருங்கைக்கீரை. கையில் கால் கட்டின சேவல். திரும்பி வந்தவரை வெறுங்கையோடு பார்க்க அவருக்குத் துணிவு இல்லை.

கரையில் சந்தியாகு சாமி குனிந்து தீயை ஊதிக்கொண்டிருந்தார். கனல்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது.

"சாமி, சேவலை எங்க வச்சு அறுக்கட்டும்?"

"அறுத்தாச்சு, அண்ணாவி."

சுடலைக்கண்ணு கையில் இருந்த சேவலைப் பார்த்தார். அது கழுத்தை நீட்டிக் கூவியது.

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"யார் கொடுத்த படையல்?"

"அவரே கொடுத்தார். சிலுவையில தன்னையே கொடுத்தார். அதுக்கு மேல யாரும் எதையும் அறுக்க வேண்டியதில்லை. அவுத்து விடுங்க."

கயிற்றை அவிழ்த்ததும் சேவல் மணலைச் சீய்த்துக்கொண்டு தேரிப் பக்கம் ஓடியது. சுடலைக்கண்ணு வெறுங்கையோடு நின்றார். கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். சந்தியாகு சாமி வாழை இலையில் ரொட்டியும் மீனும் வைத்து அவர் முன்னால் நகர்த்தினார்.

"முதல்ல சாமிக்கு வைக்கலையா?"

"இது சாமியே சமைச்சு வைக்கிற முறை" என்றார் சந்தியாகு சாமி. "அவர் திரும்பி வந்த பிறகு ஒருநாள், மீன் பிடிக்கப் போன பேதுரு படகில இருந்து பார்த்தான். கரையில தீ எரியுது. அவர் குனிஞ்சு மீன் சுட்டுக்கிட்டு இருக்கார். கையில ஆணி போன காயம். 'வாங்க, சாப்பிடுங்க'ன்னு கூப்பிட்டார். அவரே எடுத்து அவரே பரிமாறினார்."

"பேதுருவுக்குமா?"

"பேதுருவுக்கும்."

"கண்டதே இல்லைன்னு சொன்ன பேதுருவுக்கா?"

"வேற பேதுரு இல்லையே, அண்ணாவி."

சுடலைக்கண்ணு மீனைப் பிட்டார். வாயில் வைத்தார். தோள் குலுங்கியது. சந்தியாகு சாமி அவரைப் பார்க்காமல் இன்னொரு மீனைத் திருப்பிப் போட்டார். கடல் தன் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுடலைக்கண்ணு அந்த மீன் முழுவதையும் தின்று முடித்தார்.

"நான் பாடினவங்க எல்லாம் பொய்யா, சாமி?"

"அநியாயமாச் செத்தவங்க அழுகை பொய்யாகுமா? அவங்க கோபத்துல எனக்கு ஒரு குறையும் தெரியல. ஆனா நீங்க கேட்டது காப்பாத்துற ஆளை. அது இவர்தான்."

"பிச்சையா?" என்றார் சுடலைக்கண்ணு. "அவன் அங்க இருந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கான்."

"வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில அவர் எங்க போயிருந்தார்னு நினைக்கிறீங்க? செத்தவங்க இருக்கிற இடத்துக்குத்தான். அடிபட்டுச் செத்த பிச்சையாவை, அடிபட்டுச் செத்தவர் விட்டுட்டா வந்திருப்பார்? பிச்சையா இப்ப அவர் கையில இருக்கான். உங்களைத் தேடி வர்றவர் அவர். அவன் இல்லை."

சுடலைக்கண்ணு மூச்சை இழுத்து விட்டார். கிழக்கே வெளுத்துவிட்டது. ஊருக்குள் கோயில் மணி அடித்தது. மேட்டில் தங்கப்பழம் குடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று கத்தினான்.

"அண்ணாவி! சனம் கூடிருச்சு! எனக்கு மீன் இருக்கா, இல்ல எல்லாம் காலியா?"

சுடலைக்கண்ணு அவன் பக்கம் திரும்பவில்லை.

"சாப்பிட்ட பிறகாவது பேதுருகிட்ட ஏதாவது கேட்டாரா, சாமி?"

"கேட்டார். 'என்மேல அன்பா இருக்கியா'ன்னு கேட்டார். பேதுரு ஆமான்னான். 'அப்ப என்னைச் சேர்ந்தவங்களைப் பார்த்துக்கோ'ன்னார்."

சுடலைக்கண்ணு கூடையைப் பார்த்தார். அரிசியும் வெல்லமும் கீரையும் அப்படியே இருந்தன.

"பிச்சையாவுக்குப் பெண்டாட்டி இருக்கா" என்றார். "பேச்சி. அந்தத் தெருவுல நான் காலே வைக்கல. அவ எப்படிச் சாப்பிடுதான்னு ஒருநாளும் கேக்கல."

சந்தியாகு சாமி இரண்டு மீனை இலையில் சுற்றிக் கூடையில் வைத்தார்.

"அவனைக் கண்டதே இல்லைன்னு நான் சொன்னது அவளுக்குத் தெரியாது, சாமி. இப்பப் போய் நின்னா என்ன சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க."

"விளக்குமாத்தை எடுத்து அடிப்பா."

"அடிக்கட்டும்."

"அப்புறம்?"

"அவ அடிச்சு ஓஞ்சதும், அவ வீட்டு அடுப்பை நீங்க பத்த வையுங்க."

மணி மறுபடி அடித்தது. சந்தியாகு சாமி எழுந்து மேடேறி, அங்கே நின்ற தங்கப்பழத்தைத் தோளோடு அணைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். "அண்ணாவி வரலையா? பாட்டு?" என்று அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

சுடலைக்கண்ணு கூடையைத் தலையில் ஏற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். பேச்சி இருந்த தெருவுக்குப் போகும் மணல் வழியில் இறங்கி நடந்தார்.