மடைக் கயிறு

ஏரிக்கரை மடத்துக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான் திருமூர்த்தி. அவனுடைய குரு நாச்சியாரம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, என்னால ஆகலை. மடையைத் திறக்காட்டி நெல்லெல்லாம் பதராயிடும்னு விவசாயி அருணகிரி சொல்றார். திறந்தா மீன் குஞ்செல்லாம் செத்துடும், நடுத்தெருவுக்கு வந்துடுவோம்னு மீன்பிடிக்கிற சடையன் சொல்றார். ரெண்டு வீட்டுக்கும் நடந்து செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்."

"உன்னை நம்புறாங்களா?"

"ரெண்டு பேருமே நம்புறாங்க." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது.

"நாளைக்கு ரெண்டு பேரையும் மடைக்கு வரச் சொல்லு. நீயும் வா. ஆனா வாயைத் திறக்காதே."

மறுநாள் இருவரும் வந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றார்கள்.

"அந்தாளுகிட்ட சொல்லுங்க சாமி" என்று சடையன் திருமூர்த்தியிடம் ஆரம்பித்தார். "போன வருஷம் திறந்த மடையை இவங்க மூடவே இல்லை. அத்தனை மீனும் சேத்துல துடிச்சு செத்துச்சு."

திருமூர்த்தி கையை விரித்தான்.

"என்னாச்சு இவருக்கு?"

"இன்னிக்கு மௌன விரதம்" என்றார் நாச்சியாரம்மாள்.

வேறு வழியில்லாமல் இருவரும் நேருக்கு நேர் திட்டிக்கொண்டார்கள். எல்லாம் இத்தனை நாளாகத் திருமூர்த்தி வடிகட்டி வைத்திருந்த திட்டுகள். ஓய்ந்த பிறகு சடையன் வயல் பக்கம் பார்த்தார்.

"கதிர்ல பால் பிடிச்சிருச்சா?"

"இப்பத்தான் பிடிக்குது. இன்னும் ஒரு தண்ணி காட்டினா கரையேறிடும்."

"ஒரு தண்ணிதானா? ஏரியையே கேக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்."

"நீ ஒரு சொட்டு விடமாட்டேன்னு நான் நெனச்சேன்."

"ஒரு தண்ணின்னா விடலாம். ஆனா மூடுவீங்களா?"

அருணகிரி யோசித்தார். "நீயே முங்கித் திற. நாளைக்கு நீயே மூடு. கயிறை நான் பிடிக்கிறேன்."

அந்த மடையின் வாய் ஏரியின் ஆழத்தில் இருந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவர் முங்கித்தான் அடைப்பைப் பிடுங்க வேண்டும். தண்ணீர் ஆளை உள்ளே இழுத்தால், கரையில் கயிறு பிடித்திருப்பவரை விட்டால் கதியில்லை.

சடையன் கயிற்றைப் பார்த்தார். பிறகு திருமூர்த்தியைப் பார்த்தார். கயிற்றைப் பிடிக்க ஓடப்போனவனின் துண்டைப் பிடித்து இழுத்தார் நாச்சியாரம்மாள். "உட்கார்."

வெகுநேரம் கழித்து, சடையன் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு மறு நுனியை அருணகிரியிடம் நீட்டினார். முங்கினார்.

வாய்க்காலில் தண்ணீர் சலசலத்தது. அதற்காகத் தவம் கிடந்த அருணகிரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சேற்றில் காலை ஊன்றி, கயிற்றையே பார்த்து இழுத்தார். சடையன் இருமிக்கொண்டு மேலே வந்தார்.

மறுநாள் சாயங்காலம் அவன் குருவிடம் கேட்டான். "நான் கயிறைப் பிடிச்சிருந்தா அவர் பயமில்லாம இறங்கியிருப்பாரே. ஏம்மா தடுத்தீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் ஏரிக்கரையிலிருந்து சடையனின் குரல் கேட்டது.

"அருணகிரி அண்ணே! மடையை மூடணும். கயிறை எடுத்துக்கிட்டு வாங்க!"

நாச்சியாரம்மாள் சிரித்தார்.

"உன்னைக் கூப்பிடலை, கேட்டியா? சந்தோஷப்படு."